தூண்டில் மடல்: இருநூறு வருடத்துப் பழைய கதை

"படிச்சவங்க, அதுவும் கம்ப்யூட்டர்லயே வேலை பார்க்கிறவங்க, எப்படிங்க இதுல போய் விழறாங்க?"

புனேயில் நாலு தமிழ்க் குடும்பம் கூடும் இடத்தில், பொங்கலானாலும் வளைகாப்பானாலும், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் இப்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. யாருக்கோ வங்கியின் பெயரில் ஒரு மடல் வந்திருக்கும். அதிலிருந்த சுட்டியைத் தட்டியிருப்பார். கணக்கு காலி. கேட்பவர் குரலில் கொஞ்சம் பரிதாபம், கொஞ்சம் "நானெல்லாம் விழமாட்டேன்பா" என்ற தெம்பு.

எனக்குப் பிழைப்பே கணினிப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதுதான் என்பதால் கேள்வி கடைசியில் என் பக்கம் திரும்பும். விருந்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அஞ்சு நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் இல்லை இது. ஆபீஸில் ஆணி கொஞ்சம் குறைவாக இருப்பதால் பதிவாகவே எழுதிவிடுகிறேன். இதற்குச் சரியான பதில் சரித்திரத்தில்தான் இருக்கிறது. நீளமான பதிவு, காபியோடு உட்காருங்கள்.

சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூண்டில் மடலைக் கண்டுபிடிக்க நமக்குச் சொல்லித்தந்த அடையாளங்கள் எல்லாம் பத்து வருடத்துக்கு ஒருமுறை காலாவதி ஆகின்றன. ஆனால் தூண்டிலின் வடிவம் இருநூறு வருடமாக மாறவே இல்லை. அடையாளத்தை மனப்பாடம் செய்தவர் விழுகிறார், வடிவத்தைப் புரிந்துகொண்டவர் தப்பிக்கிறார்.

கணினிக்கு முந்தைய தூண்டில்

பிரான்சில் விதோக் என்று ஒருவர் இருந்தார். குற்றவாளியாகச் சிறைக்குப் போய், தப்பித்து, கடைசியில் பாரிஸ் போலீசின் துப்பறியும் பிரிவுக்கே தலைவரானவர். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அவர் எழுதிய புத்தகத்தில் 'ஜெருசலேம் கடிதம்' என்ற ஒரு மோசடியை விவரிக்கிறார். சிறைக்குள் இருக்கும் கைதிகள் வெளியூர்ப் பணக்காரர்களின் முகவரிகளைச் சேகரித்துக் கடிதம் போடுவார்கள். "நான் ஒரு பிரபுவின் வேலைக்காரன். புரட்சியின்போது எஜமானரோடு தப்பி ஓடும்போது நகைப்பெட்டியை ஓரிடத்தில் ஒளித்துவிட்டோம். நான் இப்போது சிறையில் இருக்கிறேன். கொஞ்சம் பணம் அனுப்பினால் வெளியே வந்து பெட்டியை எடுத்துப் பங்கு தருகிறேன்." கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

நூறு கடிதம் போட்டால் இருபதுக்குப் பதில் வந்துவிடும் என்று எழுதுகிறார் விதோக். நூற்றுக்கு இருபது! இன்றைய மோசடிக்காரர்கள் கனவில்கூடக் காணமுடியாத கணக்கு. நம் ஊரில் சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது என்று சொல்வார்களே, அதேதான்.

அந்த நூற்றாண்டின் கடைசியில் இதே கதை 'ஸ்பெயின் கைதி' என்ற பெயரில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனது. 1898லேயே நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதை ரொம்பப் பழைய மோசடி என்று எழுதியது. 1980களில் அதே கதை நைஜீரியாவிலிருந்து தபாலிலும் ஃபேக்ஸிலும் பறந்தது. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் ஏமாற்றுக்கான பிரிவு எண் 419. அதனால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அப்புறம் மின்னஞ்சல் வந்தது, தபால்தலைச் செலவும் மிச்சம்.

இந்தக் கடிதங்களில் பொதுவாக என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று, எழுதியவர் இன்னார் என்பதற்கு அவர் வார்த்தை மட்டுமே சாட்சி. இரண்டு, ஆசை அல்லது பயம். மூன்று, அவசரம், கூடவே "யாரிடமும் சொல்லாதே". நான்கு, அடுத்த அடியை அவர் காட்டும் வழியில்தான் எடுத்து வைக்கவேண்டும். இந்த நாலையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு முழுக்க இந்த நாலேதான் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வரப்போகிறது.

பூட்டில்லாத தபால்பெட்டி

மின்னஞ்சலில் இது ஏன் இவ்வளவு சுலபம்? அதற்குக் காரணம் அது பிறந்த இடம். ரே டாம்லின்சன் 1971ல் முதல் மின்னஞ்சலை அனுப்பியபோது அந்த வலையமைப்பில் இருந்தவர்கள் அமெரிக்காவின் சில பல்கலைக்கழக, ஆராய்ச்சிக்கூட ஆசாமிகள்தான். கிட்டத்தட்ட ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். மடல்கள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் விதிமுறையை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதி வெளியிட்டார். அதில் அனுப்புநர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடே கிடையாது.

நம் இன்லண்ட் லெட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் 'அனுப்புநர்' என்ற இடத்தில் ஜனாதிபதி மாளிகை, புதுதில்லி என்று நான் எழுதிப் போட்டாலும் தபால்காரர் உங்கள் வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டுத்தான் போவார். அனுப்புநர் பெயரைப் பார்ப்பது அவர் வேலை இல்லை. மின்னஞ்சலும் அப்படித்தான் பிறந்தது.

இந்த ஓட்டையை அடைக்கும் வேலை ரொம்பத் தாமதமாகத்தான் ஆரம்பித்தது. அனுப்புநரின் தளத்தைச் சரிபார்க்கும் முறைகள் 2000களில் ஒவ்வொன்றாக வந்தன. மொத்தமாக மடல் அனுப்புகிறவர்கள் அவற்றைக் கட்டாயம் பின்பற்றவேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியில்தான் கண்டிப்பு காட்டின. நடுவில் நாற்பத்திரண்டு வருடம்!

இந்தத் திருத்தத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மடல் இன்ன தளத்திலிருந்து வந்தது என்பதைத்தான் அது உறுதிசெய்யும். அந்தத் தளத்தை நடத்துபவர் யோக்கியரா என்று சொல்லாது. மோசடிக்காரர் தன் பெயரிலேயே ஒரு தளம் வாங்கி, எல்லா விதியையும் ஒழுங்காகப் பின்பற்றி மடல் அனுப்பினால் அதுவும் 'சரிபார்க்கப்பட்ட' மடல்தான்.

பெயர் வந்த கதை

'ஃபிஷிங்' என்ற பெயர் வந்தது அமெரிக்கா ஆன்லைன் என்ற இணையச்சேவையிலிருந்து. 1990களில் அங்கே அதுதான் வீட்டுக்கு வீடு இணையம். திருட்டு அட்டை எண்களைக் கொண்டு ஓசியில் கணக்கு திறந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்களுக்கு, 1995ல் நிறுவனம் அந்த எண்களைச் சரிபார்க்க ஆரம்பித்ததும் வழி அடைபட்டது. வேறு வழி தேடினார்கள். பொய்க்கணக்கு திறக்க முடியாவிட்டால் என்ன, நிஜமான வாடிக்கையாளரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம் என்று கிளம்பினார்கள்.

அதற்கு மென்பொருளே எழுதிவிட்டார்கள். அரட்டையில் இருக்கும் யாருக்காவது நிறுவன ஊழியர் அனுப்புவது போல ஒரு செய்தி போகும்: உங்கள் கணக்கைச் சரிபார்க்கவேண்டும், கடவுச்சொல்லைச் சொல்லுங்கள். மக்கள் சொன்னார்கள். தூண்டில் போட்டு மீன் பிடிப்பதுபோல இருந்ததால் மீன்பிடிக்கும் ஆங்கில வார்த்தை. டெலிபோன் இணைப்புகளை ஏமாற்றி இலவசமாகப் பேசிய முந்தைய தலைமுறை ஹேக்கர்களின் பாணியில் எழுத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள். 1996 ஜனவரியில் ஒரு யூஸ்நெட் குழுவில் இந்த வார்த்தை பதிவாகியிருக்கிறது.

நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? எங்கள் ஊழியர்கள் யாரும் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார்கள் என்று திரையிலேயே எழுதிப் போட்டது. இன்று நம் வங்கிகள் அனுப்பும் குறுஞ்செய்திகளில் இருக்கும் அதே வாசகம். முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வாசகத்துக்குக் கீழேயே ஆட்கள் விழுந்துகொண்டும் இருக்கிறார்கள்.

காதல் கடிதமும் கள்ள எழுத்தும்

2000ஆம் வருடம் மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஒரு மடல் உலகத்தையே சுற்றியது. மணிலாவிலிருந்து கிளம்பியது. அந்தச் சமயத்தில் வேலையில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், பல ஆபீஸ்களில் மின்னஞ்சல் சர்வரையே நிறுத்தி வைத்தார்கள். இணைப்பைத் திறந்தால் கோப்புகளை அழித்துவிட்டு, உங்கள் முகவரிப் புத்தகத்தில் உள்ள எல்லோருக்கும் உங்கள் பெயரிலேயே போய்விடும். கடவுச்சொற்களைத் திருடும் ஏற்பாடும் அதில் இருந்தது. எழுதியவர் என்று சந்தேகப்பட்ட இளைஞர் மேல் வழக்கு நிற்கவில்லை, ஏனென்றால் பிலிப்பைன்ஸில் அப்போது அதற்குச் சட்டமே இல்லை!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மடல் முன்பின் தெரியாதவரிடமிருந்து வரவில்லை. தெரிந்தவர் முகவரியிலிருந்துதான் வந்தது. "தெரியாதவங்க மெயிலைத் திறக்காதே" என்ற அறிவுரை அன்றைக்கே செத்துவிட்டது.

அதே வருடம் பேபால் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல் வந்தது. சுட்டியில் இருந்த தளத்தின் பெயர் பார்க்க பேபால் மாதிரியே இருக்கும். கடைசி எழுத்து சின்ன 'எல்' அல்ல, பெரிய 'ஐ'. திரையில் இரண்டும் ஒரே ஒற்றைக் கோடு. நம் தமிழிலும் இது உண்டே. 'ர'வையும் துணைக்காலையும் பல எழுத்துருக்களில் பிரித்துப் பார்க்க முடியுமா? 'க'வையும் தமிழ் எண் ஒன்றையும்? கண்ணை நம்பி எழுத்தைச் சரிபார்ப்பது எவ்வளவு தூரம் உதவும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

2001 ஜூனில் இ-கோல்ட் என்ற இணையப் பணச்சேவையின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்தார்கள். பணப்பரிமாற்றத் தளங்களைக் குறிவைத்த தூண்டில்களில் ஆரம்பகாலத்தது அது. 2003 வாக்கில் வங்கிகளின் முறை. பையன்களின் விளையாட்டு முழுநேரத் தொழிலாகிவிட்டது.

நம் நாட்டுக்கு வந்தது

இந்தியாவில் இதுபற்றிய முக்கியமான ஆரம்பகாலத் தீர்ப்பு தில்லி உயர்நீதிமன்றத்தில் 2005 மார்ச்சில் வந்தது. வங்கி விவகாரம் இல்லை, வேலை விவகாரம். ஆள்சேர்க்கும் ஏஜென்சி நடத்திய சிலர், மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் பெயரில் மடல் அனுப்பி மக்களின் சொந்த விவரங்களைத் திரட்டினார்கள். இதற்கென்று நம் நாட்டில் தனிச்சட்டம் இல்லை என்பதைச் சொல்லிவிட்டு, ஆனாலும் இது சட்டவிரோதமே என்று நீதிமன்றம் தெளிவாக்கியது. 16 லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டு சமரசம் ஆனது. வெளிமாநிலத்தில் வேலைதேடி அலைந்த யாருக்கும் இந்த மீனுக்கு ஏன் இந்தப் புழு என்று விளக்கவேண்டியதில்லை.

அடுத்தது நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது. அபுதாபியில் வேலை பார்த்த ஒரு தமிழர். தூத்துக்குடியில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் கணக்கு. 2007 செப்டம்பரில் வங்கியின் பெயரில் ஒரு மடல்: விவரங்களை உறுதி செய்யாவிட்டால் கணக்கு இல்லாமல் போய்விடும். அனுப்பினார். 6.46 லட்சம் ரூபாய் வேறொரு நிறுவனத்தின் கணக்குக்குப் போய், அதில் பெரும்பகுதி மும்பையில் ரொக்கமாக எடுக்கப்பட்டுவிட்டது. "கடவுச்சொல்லைக் கொடுத்தது அவர், தப்பு அவருடையது" என்பது வங்கியின் வாதம். அவர் விடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பச் செயலர்தான் இதை விசாரிக்கும் அதிகாரி. 2010 ஏப்ரலில் அவர் கொடுத்த உத்தரவு: நஷ்டம், வட்டி, அலைச்சல் செலவு எல்லாம் சேர்த்து 12.85 லட்சம் ரூபாய் வங்கி தரவேண்டும்.

இந்த உத்தரவை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் தொகை இல்லை. "ஏமாந்தவன் முட்டாள், அவன் தலையெழுத்து" என்று முடிந்துபோயிருக்க வேண்டிய விஷயத்தில், பணம் போன வழியில் உட்கார்ந்திருந்த வங்கி என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வியைக் கேட்டதுதான் காரணம். திருட்டுப்பணம் விழுந்த கணக்கும் அந்த வங்கியில்தானே இருந்தது?

அதற்குள் சட்டமும் வந்தது. 2008ல் திருத்தப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி, 66டி பிரிவுகள். அடுத்தவரின் கடவுச்சொல்லைப் பயன்படுத்துவதற்கும், கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கும் மூன்று வருடம் வரை சிறை. அதே 2009 ஆகஸ்டு முதல் இணையத்தில் அட்டையைப் பயன்படுத்த இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. அப்புறம் ஓடிபி நம் வாழ்வில் குடியேறியது. உடனே மோசடிக்காரர்களும் ஓடிபியையே போன் போட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். ஜார்க்கண்டின் ஜம்தாரா என்ற சின்ன மாவட்டத்தின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது அப்படித்தான்.

பெரிய மீன்களும் சிக்கின

"படிச்சவங்க எப்படி விழறாங்க" என்ற கேள்விக்கு 2016ஆம் வருடம் ஒன்றே போதும்.

அந்த வருடம் பிப்ரவரியில் பங்களாதேஷின் மத்திய வங்கியிலிருந்து கிட்டத்தட்ட 100 கோடி டாலரைத் திருட முயற்சி நடந்தது. திருடர்கள் உள்ளே நுழைந்த வழி? வேலைக்கு விண்ணப்பம் போல் அனுப்பிய மடல்கள். 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போய் சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. இன்னொரு 2 கோடி டாலர் இலங்கையில் ஒரு அறக்கட்டளையின் கணக்குக்குக் கிளம்பியது. 'ஃபவுண்டேஷன்' என்ற ஆங்கில வார்த்தையைத் திருடர்கள் தப்பாக எழுதியிருந்தார்கள். இடையில் இருந்த வங்கி அதைப் பார்த்துக் கேள்வி எழுப்ப, அந்தப் பணம் தப்பியது. எழுத்துப்பிழைக்கு 2 கோடி டாலர் விலை!

மார்ச்சில், ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு கூகுள் பெயரில் ஒரு மடல். உங்கள் கடவுச்சொல் யாரிடமோ சிக்கிவிட்டது, உடனே மாற்றுங்கள் என்று. அவருடைய அலுவலகத்தார் ஏமாளிகள் இல்லை. கணினி உதவியாளரிடம் கேட்டார்கள். அவர் 'இது போலி' என்று எழுத நினைத்து 'இது நிஜம்' என்று எழுதிவிட்டதாகப் பின்னால் சொன்னார். ஆனால் அந்தப் பதிலிலேயே கடவுச்சொல்லை மாற்ற கூகுளின் சரியான முகவரியையும் கொடுத்திருந்தார். தட்டப்பட்டது அந்த முகவரி இல்லை, மடலில் வந்த சுட்டி. 50,000க்கும் மேற்பட்ட மடல்கள் போயின. அமெரிக்க அரசு 2018 ஜூலையில் ரஷ்ய ராணுவ உளவுத்துறையினர் 12 பேர் மேல் குற்றம் சாட்டியது.

சந்தேகப்பட்டார்கள், கேட்டார்கள், சரியான வழியும் கைக்கு வந்தது. கடைசியில் மடல் காட்டிய வழியிலேயே போனார்கள். தூண்டில் மடலின் மொத்தப் பாடமும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது.

காலாவதியான அடையாளங்கள்

2000களில் நாம் எல்லோரும் படித்த "போலி மடலைக் கண்டுபிடிப்பது எப்படி" பட்டியல் ஞாபகம் இருக்கிறதா? இன்று அதன் நிலைமை என்ன என்று பார்ப்போம்.

எழுத்துப்பிழை: இதில் ஒரு வேடிக்கை. நைஜீரியா மடல்காரர்கள் தாங்கள் நைஜீரியாவிலிருந்து எழுதுவதாக ஏன் வெளிப்படையாகவே சொல்லிக்கொள்கிறார்கள் என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி 2012ல் ஒரு கட்டுரை எழுதினார். அது சல்லடை என்றார். விவரமானவர்கள் முதல் வரியிலேயே சிரித்துவிட்டு விலகிவிடுவார்கள், மிஞ்சியவர்களோடு மட்டும் பேசினால் போதும். இப்போது செயற்கை நுண்ணறிவின் உதவியால் பிழையில்லாத ஆங்கிலம் மட்டுமல்ல, நல்ல தமிழிலேயே மடல் எழுதலாம். பிழை இருந்தால் சந்தேகப்படுங்கள், சரி. பிழை இல்லாததால் நம்பாதீர்கள்.

பூட்டுப்படம்: "உலாவியில் பூட்டு தெரிகிறதா பார்" என்றோம். பூட்டு சொல்வது உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டும்தான். எதிரில் இருப்பவர் திருடராக இருந்தால் அவரோடு ரகசியமாகப் பேசுகிறீர்கள், அவ்வளவுதான். அந்தச் சான்றிதழ் இப்போது இலவசம். தப்பான தைரியம் தருகிறது என்பதால் கூகுள் குரோம் 2023 செப்டம்பரில் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டையே எடுத்துவிட்டது.

பெயரும் சின்னமும்: வங்கியின் இலச்சினையை நகலெடுக்க ஒரு நொடி போதும்.

முகவரி: இது மட்டும் இன்னும் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது, படிக்கத் தெரிந்தால். முகவரியில் முதல் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியாக இருக்கும் பகுதிதான் சொந்தக்காரரைச் சொல்லும். முன்னால் வங்கியின் பெயர் இருப்பதால் ஒன்றும் ஆகாது. 'மதுரை முனியாண்டி விலாஸ்' என்று போர்டு மாட்டியிருப்பதால் கடை மதுரையிலா இருக்கிறது? கதவு எண்ணும் ஊரும் கடைசி வரியில்தானே இருக்கும்! இந்த விஷயத்தில் ரிசர்வ் வங்கி நல்ல காரியம் ஒன்று செய்தது. வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாறவேண்டும் என்று உத்தரவு போட்டது. வங்கிகளைத் தவிர வேறு யாருக்கும் அந்த முடிவு கிடைக்காது. அரசுத் தளங்களுக்கு 'டாட் கவ் டாட் இன்' இருப்பது போல.

அப்படியானால் என்னதான் செய்வது?

காலாவதி ஆகாத ஒரே விதி இதுதான்: மடல் என்ன செய்தி வேண்டுமானாலும் கொண்டுவரட்டும், அது காட்டும் வழியில் போகாதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வழியில் போங்கள்.

வங்கியிலிருந்து கணக்கு முடக்கம் என்று வந்ததா? சுட்டியைத் தொடாமல் வங்கியின் செயலியை நீங்களே திறந்து பாருங்கள், அல்லது அட்டையின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள். வருமானவரி ரீஃபண்டா? இணையதள முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய்ப் பாருங்கள். நிஜமான செய்தியாக இருந்தால் அங்கேயும் இருக்கும். மடல் நிஜமா பொய்யா என்று துப்பறியவே வேண்டாம், அதுதான் இந்த வழியின் சௌகரியம்.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். யூபிஐயில் பணம் வாங்க ரகசிய எண் தேவையில்லை, கொடுக்க மட்டும்தான். வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகை என்றோ போக்குவரத்து அபராதம் என்றோ 'ஏபிகே' கோப்பு வந்தால், அது பத்திரிகை இல்லை, உங்கள் செல்பேசிக்குள் குடியேற வரும் மென்பொருள். 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. மின்னஞ்சல் கணக்குக்குத் தனிக் கடவுச்சொல்லும் இரண்டாவது சரிபார்ப்பும் வையுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளின் சாவியும் அந்தப் பெட்டிக்குள்தான் வந்து விழுகிறது.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள், கையோடு வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், நடுவில் பிடித்தால்தான் உண்டு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதியின் அடிப்படையும் இதுதான். உங்கள் மேலும் வங்கியின் மேலும் தப்பில்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் நஷ்டம் உங்களுடையது இல்லை. நீங்களே விவரத்தைக் கொடுத்திருந்தாலும்கூட, வங்கிக்குச் சொன்ன பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. சொல்லாத ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் கணக்கில்.

நம்மைப் போன்றவர்களுக்கு

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இந்தப் பதிவே எழுத ஆரம்பித்தேன்.

இங்கே என் நண்பர் ஒருவருடைய அப்பா கும்பகோணம் பக்கத்தில் இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர். நவம்பரில் பென்ஷன்காரர்கள் ஆயுள் சான்றிதழ் கொடுக்கவேண்டும் இல்லையா, அந்தச் சமயம் பார்த்து ஒரு மடல். சான்றிதழ் பதிவாகவில்லை, இன்றே சரிசெய்யாவிட்டால் பென்ஷன் நிற்கும் என்று. சுட்டியைத் தட்டினார், பின்னாலேயே போன் வந்தது, ஓடிபியைச் சொன்னார். சேமிப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது.

ஒன்பது நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட. தினமும் ராத்திரி மகனோடு போனில் பேசியிருக்கிறார். மழை பெய்ததா, பேரன் பரீட்சை எப்படி எழுதினான் என்றெல்லாம் கேட்டிருக்கிறார். இதை மட்டும் சொல்லவில்லை. கடைசியில் வங்கிப் புத்தகத்தைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார். அதற்குள் பணம் எங்கெங்கோ போய்ச் சேர்ந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ திட்டுவேன்னு நினைச்சேம்ப்பா" என்றாராம்.

நண்பர் என்னிடம் சொன்னபோது பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "நாப்பது வருசம் பிள்ளைங்களுக்குப் பாடம் சொன்ன மனுசன் எங்கிட்ட சொல்லப் பயந்திருக்கார்டா" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். அவர்கள் கையில் ஸ்மார்ட்போனைக் கொடுத்தது நாம். வங்கிச் செயலியை ஏற்றிக்கொடுத்தது நாம். ரெண்டு நாள் லீவில் ஊருக்குப் போய், அவசர அவசரமாகச் சொல்லிக்கொடுத்து, "எத்தனை தடவைப்பா சொல்றது" என்று சலித்துக்கொண்டு ரயிலேறியதும் நாம். பக்கத்து அறையில் பிள்ளை இருந்தால் "இது என்னன்னு பாருடா" என்று ஒரு வார்த்தையில் முடிந்துபோகும் விஷயம். நாம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். அந்தத் தூரம் மோசடிக்காரனுக்குத் தெரியும். "அப்பா, என் போன் தொலைஞ்சிடுச்சு, இது புது நம்பர், அவசரமா பணம் வேணும்" என்ற குறுஞ்செய்தி வேலை செய்வது அந்தத் தூரத்தை வைத்துத்தான். விதோக் காலத்துக் கைதிகளும் உள்ளூர்க்காரருக்கு எழுதவில்லை, வெளியூர்க்காரருக்குத்தான் எழுதினார்கள்.

அதனால் வீட்டில் மூன்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒன்று, பணம் கேட்டு யார் பெயரில் எது வந்தாலும், தெரிந்த பழைய எண்ணில் கூப்பிட்டுக் குரலைக் கேட்காமல் அனுப்பக்கூடாது. குரலையும் இப்போது போலியாகச் செய்கிறார்கள் என்பதால், குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள், பழைய வீட்டுப் பசுவின் பெயர் மாதிரி. இரண்டு, பெரிய சேமிப்பு இருக்கும் கணக்கைச் செல்பேசியோடு இணைக்காமல், செலவுக்கு ஒரு சின்னக் கணக்கைத் தனியாக வையுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். "ஆபீஸ்ல மீட்டிங்ல இருந்தாலும் பரவாயில்ல, எப்ப வேணா கூப்பிடுங்க. தப்பாத் தட்டிட்டாலும் உடனே சொல்லுங்க, நான் ஒரு வார்த்தை திட்டமாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொன்னால் போதாது, அப்படியே நடந்துகொள்ளவும் வேண்டும்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இருநூறு வருடமாக இந்தத் தூண்டில்காரர்கள் நம்மிடம் வாங்கிக்கொண்டிருப்பது அந்தப் பதற்றத்தைத்தான். அதைக் கொடுக்காமல் இருப்பதற்குக் கணினிப் படிப்பு எதுவும் வேண்டாம். ஒரு போன் போதும், எதிர்முனையில் கோபப்படாத ஒரு ஆளும் வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பேசும்போது இதையும் சொல்லிவிடுங்கள்.